பெயர்ப் பலகையும் ஓக் மரமும்



நான் பயின்ற உயர்நிலைப் பள்ளியில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தேக்குப் பலகை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் விளையாட்டுப் பந்தயங்களில் முதன்மை பெற்ற மாணவனின் பெயரைப் பொன்னிற எழுத்துக்களில் அதன்மேல் எழுதி வந்தார்கள். சென்ற ஆண்டு ஒரு விழாவின் பொருட்டு அப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். பலகை அதே இடத்தில் இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவனின் பெயரைத் தேடிப் படித்தேன். பிறகு வேறொரு பெயரையும் தேடினேன், அது கிடைக்கவில்லை. அது எங்கள் டிரில் மாஸ்டரின் பெயர். விடிவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து, சுண்ணாம்புத் தூளால் ஓட்டப் பாதைகளுக்குக் கோடு போட்டு, விசில் ஊதி எங்களை ஓடவிட்டவர் அவர். பலகையில் மின்னும் பெயர்களில் பல அவர் உழைப்பால் உருவானவை. ஆயினும் அவர் பெயருக்கு அங்கே இடமில்லை.

ஒரு பள்ளி தன் பழைய விளையாட்டு வீரர்களை எதற்காகப் போற்ற வேண்டும்? அவர்களை ஆக்கிய ஆசிரியர்களுக்கு அப்புகழில் பங்கு உண்டா, இல்லையா? இவ்வினாக்களுக்கு விடை கூறும் சரித்திரம் ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த கிளீவ்லந்து நகரத்தில் நிகழ்ந்தது.

அமெரிக்கர்களுக்குப் புகழ் மண்டபங்கள் அமைப்பதில் ஆர்வம் மிகுதி. நாட்டின் பெரியோர்களுக்கென நியூயார்க் பல்கலைக் கழகம் 1901-ஆம் ஆண்டிலேயே அத்தகைய மண்டபம் ஒன்றைத் திறந்தது. பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபத்துக்கு 1936-இல் முதன் முதலாக ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அம்மண்டபம் 1939-இல் திறக்கப்பட்டது. பின்னர் இவ்வழக்கம் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. ஒரு மாணவன் பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகள் கழிந்த பிறகு, குழு ஒன்று அவனுடைய சாதனைகளை ஆராய்ந்து அவனைத் தேர்ந்தெடுக்கும். பள்ளியின் ஆட்ட விழாவிலோ விருந்திலோ அவனை அழைத்துப் பாராட்டி, அவன் படத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டி வைப்பார்கள். இதில் நாம் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. அச்சுவர்களில் வீரர்களின் படங்களுக்கு அருகே அவர்களைப் பழக்கிய பயிற்றுநர்களின் படங்களும் இடம் பெறுகின்றன. அதன் நியாயத்தைக் கிளீவ்லந்து நகரத்தின் கதை நமக்கு விளக்கும்.

1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்னும் ஊரில், கறுப்பினத்துக் குத்தகை விவசாயி ஒருவரின் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பத்துப் பிள்ளைகளில் அவனே கடைக்குட்டி. மார்பு நோயால் அடிக்கடி துன்புற்ற மெலிந்த குழந்தை. அக்காலத்தில் தென் மாநிலங்களின் வறுமைக்கும் நிறவெறிக்கும் தப்பி, கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வடக்கு நகரங்களின் தொழிற்சாலைகளை நாடிச் சென்றார்கள். அவ்வெள்ளத்தில் இக்குடும்பமும் கிளீவ்லந்து வந்து சேர்ந்தது. அப்போது பையனுக்கு வயது ஒன்பது. புதுப் பள்ளியில் ஆசிரியை பெயரைக் கேட்டார். தன் பெயரின் முதலெழுத்துக்களை, ஜே. சி. என்று தென்னாட்டு உச்சரிப்பில் பையன் சொன்னான். அது அவர் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது. மறுத்துக் கூற அஞ்சி அவன் பேசாதிருந்தான். உலகம் இன்றும் போற்றும் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற பெயர் இவ்வாறு ஒரு வகுப்பறைத் தவறினால் உண்டாயிற்று.

ஃபேர்மவுண்ட் நடுநிலைப் பள்ளியில் சார்லஸ் ரைலி என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். அவர் வெள்ளையர். மைதானத்தில் ஓடி ஆடிக்கொண்டிருந்த மெலிந்த கறுப்புச் சிறுவனின் கால்களில் அவர் ஏதோ ஒன்றைக் கண்டார். பள்ளி முடிந்தபின் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். ஆனால் பள்ளி முடிந்தபின் அச்சிறுவனுக்கு ஓய்வேது? செருப்புத் தைக்கும் கடையில் அவனுக்கு வேலை இருந்தது. அவ்வேலையை விட்டால் வீட்டில் உணவுக்குக் குறை. வேறொருவராயின், நேரமில்லாதவனுக்கு விளையாட்டு எதற்கு என்று விட்டிருப்பார். ரைலி அப்படிச் செய்யவில்லை. மாலையில் இயலாதெனில் காலையில் வா என்றார். பள்ளி தொடங்குவதற்கு முன்னர், இருவரும் தினந்தோறும் பயிற்சி செய்தார்கள். சிறுவன் பசியோடு வந்ததை அறிந்து, அவனுக்கு உணவும் அளித்தார்.

அவர் கற்பித்த முறையும் புதுமையானது. பந்தயக் குதிரைகள் ஓடும் இடத்துக்குச் சிறுவனை அழைத்துச் சென்று, குதிரை ஓடும்போது அதன் முகத்தைக் கவனிக்கச் சொன்னாராம். முகத்தில் கடுமை இல்லை. உடலில் இறுக்கம் இல்லை. ஆற்றல் முழுவதும் கால்களிலேயே இருக்கிறது. தரை நெருப்பாய்ச் சுடுவது போலப் பாதங்கள் அதை மெல்லத் தொட்டு மீள வேண்டும் என்பது அவர் தந்த பாடம். பிற்காலத்தில் ஓவன்ஸ் ஓடியதைக் கண்டவர்கள், அவர் சிரமமே இன்றி மிதந்து செல்வதாக வியந்தார்கள். அந்தச் சிரமமின்மை ஃபேர்மவுண்ட் பள்ளியின் விடியற்காலைகளில் சிரமப்பட்டுக் கற்றதாகும்.

மற்றொரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்தில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற சார்லி பேடக் என்பவர், ஒருநாள் அப்பள்ளிக்கு வந்து மாணவர்களிடையே பேசினார். பேச்சு முடிந்ததும் ரைலி தம் மாணவனை அழைத்துச் சென்று அவருக்கு அறிமுகப்படுத்தினார். உலகின் மிக வேகமான மனிதர் என்று பெயர் பெற்ற ஒருவரை அச்சிறுவன் நேரில் கண்டான். தானும் அப்பெயரைப் பெற வேண்டும் என்ற ஆசை அவனுக்கு அன்று பிறந்தது. பழைய வீரர் ஒருவரைப் பள்ளி அழைத்துப் பெருமைப்படுத்தியதன் பயன் இது. கூட்டத்திலிருந்த சிறுவனை அவர் முன்னே கொண்டு நிறுத்திய கை, ஆசிரியரின் கை என்பதையும் மறக்கலாகாது.

அடுத்து ஓவன்ஸ் சேர்ந்தது கிழக்குத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. 1908-இல் நிறுவப்பட்ட தொழிற்கல்விப் பள்ளி அது. அங்கே எட்கர் வைல் என்பவர் பயிற்றுநர். அவர் பெருந்தன்மை உடையவர். பழைய ஆசிரியராகிய ரைலியையும் பயிற்சியில் உடனிருந்து உதவுமாறு ஏற்றுக்கொண்டார். 1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிக்காகோவில் நடைபெற்ற தேசியப் பள்ளிப் பந்தயங்களில் ஓவன்ஸ் 100 கெஜ ஓட்டத்தை 9.4 விநாடியில் ஓடி, அந்நாளைய உலக சாதனையைச் சமன் செய்தார். நீளந் தாண்டுதலில் 24 அடி 9½ அங்குலம் தாண்டினார். 220 கெஜ ஓட்டத்திலும் அவரே முதல்வர். பள்ளி பெற்ற 54 புள்ளிகளில் 30 புள்ளிகள் அவர் ஒருவர் ஈட்டியவை.

அதன்பின் நிகழ்ந்தவற்றை உலகம் அறியும். ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் லாரி ஸ்னைடரிடம் பயின்ற அவர், 1935-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஆன் ஆர்பர் நகரில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளைப் படைத்து, ஒன்றைச் சமன் செய்தார். அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளத்தை 1960 வரையில் வேறெவரும் மிஞ்சவில்லை. 1936 ஆகஸ்டில், ஆரிய இனமே உயர்ந்ததென்று ஹிட்லரின் ஆட்சி முழங்கிக்கொண்டிருந்த பெர்லின் நகரத்தில், 100 மீட்டர், 200 மீட்டர், நீளந் தாண்டுதல், தொடர் ஓட்டம் என நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார்.

அந்த ஒலிம்பிக்கில் வெற்றி பெற்றவர்களுக்குப் பதக்கத்தோடு சிறு தொட்டியில் ஓர் ஓக் மரக் கன்றும் அளிக்கப்பட்டது. ஓவன்ஸுக்கு நான்கு கன்றுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கிளீவ்லந்தில் ஜேம்ஸ் ஃபோர்ட் ரோட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் நடப்பட்டது. அது ஓவன்ஸ் படித்த பள்ளியன்று. அவர் பயிற்சி செய்த ஓட்டப் பாதையை உடைய பள்ளி. கால்கள் உழைத்த மண்ணுக்கே வெற்றியின் கன்று திரும்பியது. அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஃபோர்ட் ரோட்ஸ் ஒரு சரித்திர ஆசிரியர் என்பது, சரித்திரம் பேசும் எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் போற்றுதல் எல்லாம் உண்மையான போற்றுதல் ஆகிவிடாது. ஒஹையோப் பல்கலைக் கழகத்துக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தபோதும், கறுப்பர் என்ற காரணத்தால் அதன் மாணவர் விடுதியில் தங்க ஓவன்ஸுக்கு இடமில்லை. பெர்லினிலிருந்து திரும்பியபோது நியூயார்க் அவரை ஊர்வலமாக அழைத்துச் சென்றது. அவருக்காக நடந்த வரவேற்புக்கு, உயர்ந்ததொரு ஓட்டலில் சாமான்கள் ஏற்றும் மின்தூக்கியிலேயே அவர் செல்ல நேர்ந்தது. வெள்ளை மாளிகையிலிருந்து அழைப்பு வரவில்லை. பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடவும் நேர்ந்தது. குடியரசுத் தலைவர் ஃபோர்ட் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அளித்தது 1976-இல். அதாவது, நாற்பது ஆண்டுகள் கழித்து. 1980-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அவர் காலமானார். மாலை சூட்டுவது எளிது. மாலை சூடியவனுக்குச் சமமான ஆசனம் அளிப்பதே அரிது.

அவ்வாறாயின், கிளீவ்லந்தில் நடந்த ஊர்வலத்தால் பயன் ஒன்றும் விளையவில்லையா? விளைந்தது. 1936-இல் திறந்த காரில் ஓவன்ஸ் சென்றபோது, தெருவோரத்தில் கூடிய சிறுவர்களுள் 13 வயதுள்ள ஹாரிசன் டில்லர்ட் ஒருவன். எலும்பும் தோலுமாக இருந்ததால் அவனை எலும்பன் என்றே தோழர்கள் அழைத்தார்கள். வீரர் அச்சிறுவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். டில்லர்ட் வீட்டுக்கு ஓடி, தானும் அவரைப் போல் ஆகப் போவதாகத் தாயிடம் கூறினான். பின்னர் அதே கிழக்குத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தான். ஓவன்ஸே அவனுக்கு ஒரு ஜோடி ஓட்டக் காலணி அளித்தார்.

டில்லர்ட் தடை ஓட்டத்தில் இணையற்றவரானார். ஆயினும் 1948-இல் அமெரிக்க அணிக்கான தேர்வில் தடைகளில் இடித்து ஓட்டத்தை முடிக்க இயலாது நின்றுவிட்டார். தமக்குரிய பந்தயம் கைநழுவியது. 100 மீட்டர் ஓட்டத்தில் மட்டும் மூன்றாமவராக இடம் பெற்றார். லண்டனில் யாரும் எதிர்பாராத வகையில் அந்த ஓட்டத்தை 10.3 விநாடியில் ஓடி வென்றார். பெர்லினில் ஓவன்ஸ் வென்றதும் அதே 10.3 விநாடியில்தான்! 1952-இல் ஹெல்சிங்கியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தையும் வென்றார். இவ்விரு பந்தயங்களிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்ற ஆடவர் வேறொருவர் இல்லை. இரு ஒலிம்பிக்குகளிலும் தொடர் ஓட்டத்தில் பெற்றவற்றையும் சேர்த்து, அவருக்கும் தங்கம் நான்கு. 2019-இல் மறையும் வரையில், தெருவோரத்தில் கண்ட அந்தப் புன்னகையை அவர் மறக்கவில்லை.

அதே பள்ளியில் ஓவன்ஸின் தோழர் டேவ் ஆல்பிரிட்டனும் பயின்றார். பெர்லினில் உயரந் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பிற்காலத்தில் அவரே பள்ளிப் பயிற்றுநராகி, ஒஹையோ மாநிலச் சட்டமன்றத்திலும் இடம் பெற்றார். ஒரு தொழிற்கல்விப் பள்ளிக்கு இதைவிட வேறு பெருமை வேண்டுமா?

நண்பர்களே, இந்தச் சங்கிலியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பேடக்கைக் கண்டார் ஓவன்ஸ். ஓவன்ஸைக் கண்டார் டில்லர்ட். ஒவ்வொரு கண்ணியும் ஒரு பழைய வீரரை ஒரு சிறுவன் நேரில் கண்ட கணமே. பழைய வீரர்களைப் போற்றுவது அவர்களுக்குச் செலுத்தும் கடன் மட்டுமன்று. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மெலிந்த சிறுவனுக்கு இடும் விதையும் ஆகும். அந்த விதைக்கு நீர் ஊற்றுபவர்கள் ரைலியைப் போன்ற ஆசிரியர்கள். முதுமையடைந்த ரைலியை 1960-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஓவன்ஸின் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார்கள். உலகை வென்றவரும், அவருக்கு விடியற்காலைகளை ஈந்தவரும் அன்று எல்லோரும் காணச் சந்தித்தார்கள். ரைலியின் பெயரை எந்த உலக சாதனைப் பட்டியலிலும் காண முடியாது. ஆனால் அவர் இல்லாமல் அப்பட்டியல் வேறு விதமாக இருந்திருக்கும்.

ரோட்ஸ் பள்ளியின் ஓக் மரம் முதுமையால் நலிந்தபோது, மரவியல் அறிஞர்கள் அதன் துளிர்களைக் கொண்டு ஒட்டுக் கன்றுகளை உண்டாக்கினார்கள். அவற்றுள் ஒன்று இப்போது கிளீவ்லந்தின் ராக்பெல்லர் பூங்காவில் வளர்கிறது. ஒரு பள்ளி தன் புகழைக் காக்கும் வழியும் அதுவே. பழைய மரத்தைப் பார்த்து வியந்து நிற்பது போதாது. அதிலிருந்து அடுத்த கன்றை எடுத்து நட வேண்டும்.

நான் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியருக்குச் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதினேன். தேக்குப் பலகையின் அடியில் ஓர் அங்குல இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஒரு பெயர் எழுத அது போதும் என்று குறிப்பிட்டிருக்கிறேன். உங்கள் பள்ளியிலும் அத்தகைய பலகை இருக்கக்கூடும். நாளை அதன் முன்னே சற்று நின்று, அதில் இல்லாத பெயர் யாருடையது என்று எண்ணிப் பாருங்கள். அவர் இன்னும் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தால், அருகே சென்று வணக்கம் கூறுங்கள்.