திரையில் மறையும் எழுத்துகள்

தொலைவிலுள்ள கணிப்பொறியோடு உரையாடியவர்களுக்கு ஒரு காலத்தில் தனிப் பதிவேடு தேவைப்படவில்லை. 1963-இல் வெளிவந்த 33-ஆம் மாதிரி டெலிடைப், தட்டிய கட்டளையையும் வந்த மறுமொழியையும் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதச் சுருளில் அச்சிட்டது. இரைச்சல் பெரிது, ஆனால் நடந்தவை அனைத்தும் கையில் இருந்தன.

பின்னர் திரை வந்தது. 1978-இல் வெளியான விடி-100 முனையத்தில் 24 வரிகளே தெரியும். அடுத்த வரி வந்தால் முதல் வரி போய்விடும். 1979-இல் பெர்க்கிலி யுனிக்ஸில் சேர்ந்த 'ஸ்கிரிப்ட்' கட்டளை, திரையில் தோன்றியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைத்தது. கோப்பின் பெயர் 'டைப்ஸ்கிரிப்ட்', அதாவது தட்டச்சுப் பிரதி! பழைய காகிதத்தின் நினைவு பெயரிலேயே ஒட்டியிருக்கிறது.

ஆனால் அதே கணிப்பொறிக்குள் இருக்கும் பதிவை, உள்ளே புகுந்த கள்ளன் அழித்துவிட முடியாதா? 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வகத்தில் 75 சென்ட் கணக்குப் பிழையைத் துருவிய வானியலார் கிளிஃபோர்ட் ஸ்டால், சுமார் 50 அச்சுப்பொறிகளைத் திரட்டி, வெளியிலிருந்து வரும் இணைப்புக் கம்பிகளிலேயே பொருத்தினார். கணிப்பொறிக்கு வெளியே நின்ற அவை கள்ளனுக்குப் புலப்படவில்லை. ஒன்றிலிருந்து மட்டும் 80 அடி நீளக் காகிதம் தொங்கியது. அந்தத் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது.

இன்று ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிப்போர் 'புட்டி' போன்ற மென்பொருளால் உரையாடலைத் தம் கணிப்பொறியிலேயே சேமிக்கின்றனர். தவறான கட்டளையால் இணைப்பே அறுந்தாலும், கடைசியாகத் தட்டியது என்ன என்று பார்க்கலாம். கடவுச்சொற்களும் அக்கோப்பில் பதிந்துவிடக்கூடும் என்பதால், அதைப் பூட்டி வைப்பது தனி வேலை.