ஆகாய யந்திரங்களுக்குப் பொருத்தம் பார்த்த கதை

சென்ற நூற்றாண்டின் எண்பதுகளில், ஐ.பி.எம். கம்பெனியின் பெர்சனல் கம்ப்யூட்டரைப் பின்பற்றிப் பலரும் பிரதி யந்திரங்களைச் செய்து மலிவு விலைக்கு விற்கத் தலைப்பட்டபோது, அந்தப் பிரதி அசலோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று பரீட்சிக்க விரும்பியவர்கள் இரண்டு புரோகிராம்களை அதில் ஏற்றிப் பார்ப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். ஒன்று, கணக்கு வழக்குகளுக்கான லோட்டஸ் 1-2-3. மற்றொன்று, வீட்டு மேஜைக்கு முன் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டும் பிரமையைத் தந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். இரண்டும் ஓடினால் யந்திரம் தேறியது. ஓடாவிட்டால் வெறும் போலி. ஊராருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துச் சொன்ன சிமுலேட்டர் என்ற அந்த ஜோசியரின் சொந்த வீட்டில்தான் பின்னர் நாற்பது ஆண்டுகளாக மாமியார் மருமகள் சண்டை ஓயாமல் நடந்து வந்திருக்கிறது என்பது இந்தச் சரித்திரத்தின் வேடிக்கை.

சிமுலேட்டருக்கு அந்தப் பெருமை வந்ததற்குக் காரணம் உண்டு. இல்லினாய் சர்வகலாசாலையில் படித்த புரூஸ் ஆர்ட்விக், பறக்கும் விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து காட்டுவது பற்றி 1975-ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, பின்னர் சப்லாஜிக் என்ற கம்பெனியின் வாயிலாக ஆப்பிள் யந்திரத்துக்கென அதை ஒரு விற்பனைச் சரக்காக ஆக்கினார். மைக்ரோசாஃப்ட் உரிமம் பெற்று, 1982-ல் ஐ.பி.எம். யந்திரத்துக்காக வெளியிட்டது. அந்த முதல் வெளியீடு டாஸ் என்னும் ஆதார அமைப்பின் தயவை நாடாமல், தன் தட்டிலிருந்தே யந்திரத்தை உயிர்ப்பித்துக்கொண்டு, திரையை ஆளும் உறுப்புகளோடு நேருக்கு நேர் பேசியது. இடைத்தரகர் இல்லாத பேச்சாகையால், பிரதி யந்திரத்தில் எங்கே சிறு பிசகு இருந்தாலும் உடனே அம்பலமாகிவிடும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், விமானம் என்பது சிமுலேட்டரின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ரகசியமாக இல்லாமல், எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு ஃபோல்டராக ஆயிற்று: வடிவத்துக்கு ஓர் அறை, பேனலுக்கு ஓர் அறை, ஒலிக்கும் மேற்பூச்சுக்கும் வெவ்வேறு அறைகள், இவற்றையெல்லாம் கட்டியாள 'ஏர்கிராஃப்ட் சி.எஃப்.ஜி.' என்ற சாதாரண எழுத்து ஃபைல் ஒன்று. வெளியார் செய்து சேர்க்கும் ஆட்-ஆன் விமானங்களின் பெருக்கத்துக்கும் விர்ச்சுவல் ஏர்லைன் என்ற விசித்திர ஸ்தாபனத்தின் வளர்ச்சிக்கும் இது பெரிதும் துணை செய்தது. சம்பளம் இல்லாத பைலட்டுகள், பயணிகள் இல்லாத விமானங்கள், ஆனால் கால அட்டவணையும் பதவி உயர்வும் கண்டிப்பான விதிமுறைகளும் மட்டும் குறைவில்லாத கம்பெனிகள் அவை. 1998-ல் ஐ.வி.ஏ.ஓ., 2001-ல் வாட்சிம் என்ற வலையமைப்புகள் தோன்றி, இணையத்தின் வழியே தொண்டர்களே கன்ட்ரோலர்களாக அமர்ந்து வழிநடத்தத் தொடங்கியதும், இந்தக் கம்பெனிகளுக்குப் பறப்பதற்கு ஓர் ஆகாயமும் கிடைத்தது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் வர்ணத்தில் விமானம் வேண்டும் அல்லவா? லிவரி எனப்படும் அந்த மேற்பூச்சைச் சேர்க்கும்போது, சி.எஃப்.ஜி. ஃபைலில் அதற்கென ஒரு பகுதியை எழுதி, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரிசை தவறாமல் எண் இட வேண்டும். நடுவில் ஓர் எண் விடுபட்டால் அதற்கு அப்பால் உள்ள விமானங்கள் பட்டியலிலிருந்தே மாயமாகிவிடும். விமானத்தையே பழித்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் இறக்கி ஏற்றியவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையான பரிகாரம் ஒரே ஓர் இலக்கத்தைத் திருத்துவதாகவே இருந்தது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. மெய்யான சோதனை 2006 அக்டோபரில், ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வெளிவந்தபோது ஏற்பட்டது. 2003-ன் பதிப்புக்கென அன்போடு செய்யப்பட்ட விமானங்கள் புதிய வீட்டில் குடியேறின என்றாலும், சுழலும் ப்ரொப்பெல்லரின் வட்டத்துக்குப் பின்னால் மேகங்கள் காணாமற்போவதும், பேனலில் கேஜ் எனப்படும் பழைய அளவுமானி ஒன்றின் பொருட்டுச் சிமுலேட்டரே மூர்ச்சித்து விழுவதுமாக ஆயிற்று. வெளிப் புரோகிராம்கள் சிமுலேட்டரோடு பேசுவதற்கென்று அந்தப் பதிப்பு சிம்கனெக்ட் என்ற அதிகாரபூர்வமான வாசலைத் திறந்து வைத்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் வெளியீட்டுக்கு ஒரு சிம்கனெக்ட், முதல் சர்வீஸ் பேக்குக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என்று மூன்று வாசல்கள் ஏற்பட்டு, எந்தப் புரோகிராம் எந்த வாசலைத் தட்டுகிறது என்பதே புரியாத நிலை வந்தது. 2014-ன் இறுதியில் அதே சிமுலேட்டர் ஸ்டீம் என்ற இணையக் கடையின் வழியாக மறுபிறவி எடுத்தபோது, அதன் ஃபோல்டர்களின் ஆழத்தில் பழைய வாசல்களை நிறுவும் ஃபைல்கள் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை அங்கே இருப்பதை அறிந்தவன் பிழைத்தான்.

விர்ச்சுவல் ஏர்லைன்காரர்களுக்கு இவற்றையெல்லாம் விடக் கசப்பான சங்கடம் ஒன்று உண்டு. இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய விஷயம் அது. நிஜ விமானங்களுக்கும் தரைக்கும் இடையே செய்தி அனுப்ப 1978-ல் ஏற்பட்ட ஏகார்ஸ் என்ற ஏற்பாட்டின் பெயரைக் கடன் வாங்கி, இந்தக் கம்பெனிகள் தங்கள் பைலட்டுகளைக் கண்காணிக்கும் புரோகிராம்களுக்குச் சூட்டிக்கொண்டன. எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று, சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் இறங்கிய வேகம் என்ன, பத்தாயிரம் அடிக்குக் கீழே லாண்டிங் லைட் எரிந்ததா என்பதையெல்லாம் அது குறித்துக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்பிவிடும். இந்தச் செய்திகளை அது பெரும்பாலும் எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி. என்ற இடைநிலைப் புரோகிராமின் மூலம், இன்ன இடத்தில் இன்ன விவரம் என்று ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்ட ஓர் அட்டவணையிலிருந்து படிக்கும். உயர்ந்த ரக ஆட்-ஆன் விமானங்களைச் செய்தவர்களோ, சிமுலேட்டரின் எளிய சுவிட்சுகளில் திருப்தியடையாமல், மின்சாரம், ஹைட்ராலிக், எரிபொருள் எல்லாவற்றையும் தாங்களே தனியாகச் சிருஷ்டித்து, அவற்றின் நிலையைத் தங்களுக்கே உரிய மாறிகளில் வைத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? பைலட்டின் கண்ணெதிரே விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரியும். பொது அட்டவணையில் அது அணைந்தே கிடக்கும். ஏகார்ஸ் ஈவிரக்கமின்றி அபராதப் புள்ளி போடும். அசலை மிஞ்சிய நுட்பத்துக்காகப் பணம் கொடுத்தவன், அந்த நுட்பத்தின் பொருட்டே தண்டனை பெற்றான். இன்ன விமானத்துக்கு இன்ன மாறியைப் பார் என்று விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் இந்த அநியாயம் மெல்ல மெல்லக் குறைந்தது.

நினைவகத்தின் கதையும் சோகமானது. 32-பிட் புரோகிராமுக்கு 4 ஜி.பி.க்கு மேல் முகவரி இடம் கிடையாது. விஸ்தாரமான விமானம், அதன்மேல் விஸ்தாரமான விமான நிலையம், அதற்கும் மேல் மேகம் என்று அடுக்கிக்கொண்டு, பத்து மணி நேரம் பறந்து, லண்டனை நெருங்கும் வேளையில் எஃப்.எஸ்.யு.ஐ.பி.சி. 'டிங்' என்று மணி அடிக்கும். கோயில் மணி அல்ல, சங்கு என்றே கொள்ள வேண்டும். தரை தெரியும் தூரத்தில் எல்லாம் உறைந்து நின்றுவிட, பத்து மணி நேரப் பிரயாணத்துக்கு அத்தாட்சியே இராது.

லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி மைக்ரோசாஃப்டின் அந்தப் பழைய சிமுலேட்டர் மூலத்திலிருந்து வளர்த்த ப்ரிபேர்3டி என்ற சிமுலேட்டர், 2017-ன் நான்காம் பதிப்பில் 64-பிட்டுக்கு மாறியபோது மணியோசை நின்றது. ஆனால் 32-பிட்டில் எழுதப்பட்ட கேஜ்கள் ஒன்றுகூட அதில் ஏற முடியாமல், அவற்றைச் செய்தவர் ஓய்ந்துபோயிருந்தால் விமானமும் அவரோடு ஓய்ந்தது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் புதிய ஃப்ளைட் சிமுலேட்டரோடு மறுபடியும் களத்தில் இறங்கியபோது, கேஜ்களை வெப் அசெம்பிளிக்கோ ஜாவாஸ்கிரிப்டுக்கோ மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

பழுது கண்டால் செய்யும் சிகிச்சை முறை மட்டும் மாறவில்லை. அன்று டி.எல்.எல். எக்ஸ்.எம்.எல். என்ற பட்டியலில் ஏறியிருந்த துணைப் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். இன்று ஆட்-ஆன்கள் குடியிருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ள அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு, சிமுலேட்டர் தனியே சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்தபின், பாதியைத் திருப்பி வைத்து, பழுது தலைகாட்டினால் அந்தப் பாதியில் பாதி என்று தேடிக்கொண்டே போகிறார்கள். நேற்று வாங்கிய விமானத்தின் மேல்தான் சந்தேகம் முழுவதும் இருக்கும். பின்னிரவு இரண்டு மணிக்குக் கடைசியாகப் பிடிபடுவது சில சமயங்களில், இரண்டு வருஷத்துக்கு முன் இலவசமாகக் கிடைத்ததென்று இறக்கி வைத்து, ஒரு தடவைகூடப் போய் இறங்காமலே மறந்துபோன ஏதோ ஒரு சின்ன ஊரின் விமான நிலையமாக இருக்கும்.