அனிதா பால்துரை

அனிதா பால்துரை (பிறப்பு: ஜூன் 22, 1985) சென்னையைச் சேர்ந்த இந்தியக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். 2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் அணியில் விளையாடிய இவர், அணியின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். ஆசியக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளில் ஒன்பது முறை இந்தியாவிற்காகக் களமிறங்கினார். 2021 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு

அனிதா பள்ளிப் பருவத்தில் தடகளத்திலும் கைப்பந்தாட்டத்திலும் ஆர்வம் கொண்டிருந்தார். பதினோராவது வயதில் கூடைப்பந்தாட்டத்திற்கு மாறினார். சென்னையில் சம்பத் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பதினாறு வயது நிறைவடையும் முன்பே இந்திய அணிக்குத் தேர்வானார்.

இவர் விளையாடிய காலத்தின் பெரும்பகுதியில், மகளிருக்கான தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடர் இந்தியாவில் இருக்கவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீராங்கனைகள் கழகங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஊதியம் பெறுகின்றனர். இந்தியாவிலோ பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் அளிக்கும் பணியே வீராங்கனைகளுக்கு வாழ்வாதாரமாக அமைந்தது. இவ்வகையில் அதிக வீராங்கனைகளைப் பணியமர்த்திய நிறுவனங்களுள் இந்திய இரயில்வே முதன்மையானது. அனிதாவும் தென்னக இரயில்வேயில் பணியில் சேர்ந்தார். தேசிய அளவிலான போட்டிகளில் இவர் 30 பதக்கங்களை வென்றுள்ளார்.

பன்னாட்டுப் போட்டிகள்

அனிதா தமது 19 ஆவது வயதிலேயே இந்திய அணியின் தலைவரானார். 2006 இல் மெல்பேர்ண் நகரில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்றார்.

மூவர் அணிப் போட்டிகளிலும் இவர் பதக்கங்கள் வென்றுள்ளார். இவ்வகை ஆட்டம் ஒரே கூடையுடன் அரை ஆடுகளத்தில் நடைபெறும். அணிக்கு மூவர் களத்தில் இருப்பர். மாற்று ஆட்டக்காரர் ஒருவரே. பத்து நிமிடங்களின் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணியோ, அதற்கு முன்பே 21 புள்ளிகளை எட்டும் அணியோ வெற்றி பெறும். 2009 இல் வியட்நாமில் நடைபெற்ற ஆசிய உள்ளரங்கு விளையாட்டுப் போட்டிகளில் இவர் இடம்பெற்ற அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. 2011 இல் இலங்கையின் அம்பாந்தோட்டையில் நடைபெற்ற தெற்காசியக் கடற்கரை விளையாட்டுகளிலும், 2013 இல் கத்தார் நாட்டின் தோகா நகரில் நடைபெற்ற ஆசிய மூவர் அணிப் போட்டியிலும் தங்கப் பதக்கம் கிடைத்தது.

2017 ஆசியக் கோப்பை

ஆசிய மகளிர் கூடைப்பந்தாட்டப் போட்டி இரு பிரிவுகளாக நடத்தப்பட்டு வந்தது. முதற்பிரிவின் கடைசி இடங்களில் உள்ள அணிகள் இரண்டாம் பிரிவிற்கு இறக்கப்படும் நிலை இருந்தது. 2013 இல் முதற்பிரிவில் ஐந்தாம் இடம் பெற்ற இந்தியா, 2015 போட்டியின் முடிவில் இரண்டாம் பிரிவிற்கு இறங்கியது.

தாய்மைக்காக ஆட்டத்திலிருந்து விலகியிருந்த அனிதா, 2017 இல் அணிக்குத் திரும்பி மீண்டும் தலைவரானார். அவ்வாண்டு ஜூலை மாதம் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியா இறுதி ஆட்டத்திற்குத் தகுதி பெற்றது. இறுதி ஆட்டத்தில் கசக்கஸ்தானை 75-73 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, முதற்பிரிவில் மீண்டும் இடம் பிடித்தது. பதினெட்டு ஆண்டுகளை எட்டிய அனிதாவின் பன்னாட்டு ஆட்ட வாழ்க்கை அவ்வாண்டுடன் நிறைவடைந்தது. பின்னர் இவர் இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சி அளிப்பதில் ஈடுபட்டார்.

விருது

2021 குடியரசு நாளையொட்டி அறிவிக்கப்பட்ட பத்ம விருதுப் பட்டியலில் அனிதாவின் பெயர் இடம்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் புதுதில்லியில் குடியரசுத் தலைவர் ராம் நாத் கோவிந்த் விருதை வழங்கினார். இந்திய விளையாட்டு வீரர்களுக்கு ஆட்டக் காலத்தில் வழக்கமாக அளிக்கப்படும் அருச்சுனா விருது இவருக்கு வழங்கப்படவில்லை. மகளிர் கூடைப்பந்தாட்டத்தில் பத்மஸ்ரீ பெற்ற மற்றொருவர், 2019 இல் அவ்விருதைப் பெற்ற பிரசாந்தி சிங் ஆவார். இருவரும் இந்திய அணியில் ஒன்றாக விளையாடியவர்கள்.