சிவப்பு மையிலிருந்து இணையம் வரை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "கட்டடம், மணி, கேன்டீன் பத்தியெல்லாம் போன மலர்லயே எழுதியாச்சேப்பா" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால், யாரும் எழுதாத ஒரு சரித்திரம் பாக்கி இருக்கிறது. நாம் எழுதியதை யார் படித்தார்கள், எதைப் பார்த்து மார்க் போட்டார்கள் என்பதே அது.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். 1980-களில் ஹாஸ்டலில் இருந்தபோது ஓர் அசைன்மென்ட்டை அறை நண்பனிடம் வாங்கி அப்படியே காப்பி அடித்தேன். முதலாம் பானிபட் போர் நடந்த 1526-ஐ அவன் 1562 என்று எழுதியிருந்தான். நானும் அதையே எழுதினேன். என்னுடையதைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் எழுதினார்கள். எல்லோருக்கும் பத்துக்கு எட்டு! அன்றைக்கு சந்தோஷம்தான். பின்னாளில் நானே ஆசிரியரானபோது அந்த எட்டு மார்க் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் சாரைக் குறை சொல்லவில்லை. எழுபது பேர் வகுப்பு, மூன்று செக்‌ஷன், ஒரே ஒரு சிவப்புப் பேனா. அவரும் என்ன செய்வார்?

இந்த முறைக்கு வயது அதிகம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முக்கிய வேலை பாடம் நடத்துவதல்ல, பரீட்சை நடத்துவது. அதன் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். எழுதியவர் முகம் திருத்துபவருக்குத் தெரியாது, திருத்துபவர் முகம் எழுதியவருக்குத் தெரியாது. பாரபட்சம் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடைத்தாள் ஒரு முறை போனால் போனதுதான். எங்கே தவறினோம் என்று தெரியாது, திருத்தி எழுதவும் வழி கிடையாது.

1978-இல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது. இன்டர்னல் மார்க், செமினார், அசைன்மென்ட் என்று வருடம் முழுக்க மாணவனை மதிப்பிடலாம் என்ற நிலை வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் படிக்க வேண்டிய தாள்கள் பெருகின, படிக்கும் கண்கள் பெருகவில்லை. பானிபட் கதை பிறந்தது அங்கேதான்.

அடுத்த திருப்பம் கணினியால் வந்தது. 1995-இல் அமெரிக்காவில் வார்டு கன்னிங்காம் என்பவர், பார்ப்பவர் யாரும் திருத்தக்கூடிய 'விக்கி' என்ற இணையப் பக்கத்தை உருவாக்கினார். 2001-இல் விக்கிப்பீடியா வந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் 'மூடுல்' மென்பொருளை வெளியிட்டார். 2006-இல் கூகுள் டாக்ஸ், 2014-இல் கூகுள் கிளாஸ்ரூம். இவற்றில் பலவற்றிலும் பொதுவான ஒரு வசதி உண்டு. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை அடித்தார் என்ற வரலாறு அழியாமல் நிற்கும். அதாவது முடிந்த கட்டுரை மட்டுமல்ல, அது வந்த வழியும் ஆசிரியர் கண்ணுக்குத் தெரியும்!

இதை வகுப்பில் பயன்படுத்திய இரண்டு கதைகளை மட்டும் சொல்கிறேன்.

2008-இல் கனடாவின் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பீஸ்லி-மரே, லத்தீன் அமெரிக்க இலக்கியம் படித்த தம் மாணவர்களிடம் வழக்கமான டெர்ம் பேப்பரைக் கேட்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதச் சொன்னார். அங்குள்ளவர்கள் அதை 'நல்ல கட்டுரை' என்று ஏற்றால் ஏ கிரேடு, 'சிறப்புக் கட்டுரை' என்று ஏற்றால் ஏ பிளஸ். அனுபவமுள்ள தன்னார்வலர்கள் சிலர் தாமாகவே வந்து வரிவரியாகக் குறை சொன்னார்கள். "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டார்கள். மாணவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். முடிவில் 3 சிறப்புக் கட்டுரைகள், 8 நல்ல கட்டுரைகள்.

2011-இல் அதே போன்ற முயற்சி நம் நாட்டில் புனே நகரக் கல்லூரிகளில் நடந்தது. பல நூறு மாணவர்கள் ஒரே சமயத்தில் எழுத வந்தார்கள். நிறையப் பேர் வேறு இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார்கள். பதிப்புரிமை மீறல் என்று தன்னார்வலர்கள் நீக்க நீக்க, மேலும் மேலும் வந்து குவிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டமே நிறுத்தப்பட்டது.

கருவி ஒன்றுதான், பலன் ஏன் இப்படி மாறியது? "நம்ம பசங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வான்கூவரில் எழுதியவர்கள் கொஞ்சம் பேர், கூடவே உட்கார்ந்து படிக்க ஆள் இருந்தது. புனேயில் எழுத வந்த கூட்டத்துக்குப் படிப்பவர்கள் போதவில்லை. எங்கள் ஹாஸ்டல் கதையேதான், இடம் மட்டும்தான் வேறு.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. கிராமத்து மாணவி ஒருத்தி. மொட்டை மாடி ஏறினால்தான் சிக்னல். அவள் எல்லோரும் பார்க்கும்படி பகிர்ந்த கட்டுரையில் முதல் இரண்டு பத்திகள் எங்கிருந்தோ எடுத்தவை என்று பார்த்ததும் தெரிந்தது. பூஜ்யம் போடக் கை போனது. போடாமல், ஓரத்தில் "இது உன் வார்த்தையாம்மா?" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் திறந்து பார்த்தால், அந்தப் பத்திகள் போயிருந்தன. இரவு இரண்டு மணிக்கு மேல் சொந்த நடையில், எழுத்துப் பிழைகளோடு, நான்கு முறை திருத்தி எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரம் பதிவாகியிருந்தது. என் பணிக்காலத்தில் நான் மனநிறைவோடு போட்ட மார்க்குகளில் அது ஒன்று.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பிழையில்லாத கட்டுரை ஒரு நிமிட வேலையாகிவிட்டது. முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்து இனி எதையும் சொல்ல முடியாது. அது வந்த வழியைப் பார்க்க வேண்டும், பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு மின்விசிறி, பெஞ்சு, கணினி எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இந்த முறை மாதம் ஒரு மணி நேரம் கொடுப்போமே! ஒரு மாணவரின் கட்டுரையை எந்த ஊரில் இருந்தும் திறந்து படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதலாம். மார்க் போடுவது ஆசிரியர் வேலை, படிப்பது நம் வேலையாக இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, நீங்கள் எழுதும்போது அடித்ததையும் திருத்தியதையும் மறைக்காதீர்கள். உங்கள் உழைப்புக்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

அப்புறம், பானிபட் நண்பா! நீயும் இந்த சந்திப்புக்கு வருவாய் என்று கேள்விப்பட்டேன். அது 1526 தான்!