யாருக்கும் பட்டா இல்லாத மணல்: நோம் நகரத் தங்கத்தின் வரலாறு

அலாஸ்காவின் மேற்கு ஓரத்தில், பெரிங் கடலைப் பார்த்தபடி இருக்கிறது நோம். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, அங்கரேஜ் நகரிலிருந்து சுமார் 870 கி.மீ. தொலைவில். மாநிலத்தின் பெரிய நகரங்கள் எதனோடும் இதை இணைக்கும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், கடற்பனி விலகிய மாதங்களில் கப்பலிலும் போகலாம். மார்ச் மாதத்தில் நாய்வண்டிப் பந்தயக்காரர்கள் பனிமேல் வந்து சேர்வார்கள். ஊரிலிருந்து புறப்படும் மூன்று சரளைக்கல் சாலைகளும் எந்த நகரத்துக்கும் போய்ச் சேர்வதில்லை.

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே 12,488 பேர் இருந்தனர். 1920இல் 852 பேர். 2020இல் 3,699 பேர். தங்கம் கிடைத்தது, ஊர் பெருத்தது. தங்கம் தீர்ந்தது, ஊர் சிறுத்தது என்பதே வழக்கமான விளக்கம். ஆனால் தங்கம் தீரவில்லை, இன்றும் எடுக்கிறார்கள். நோமின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணத்தைத் தங்கத்தின் அளவில் தேடுவதைவிட, அது கிடந்த நிலம் யாருடையது என்ற கேள்வியில் தேடுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1898 செப்டம்பரில் யாஃபெட் லிண்டெபெர்க், எரிக் லிண்ட்புளோம், ஜான் பிரின்டெசன் ஆகிய மூவர் ஆன்வில் ஓடையில் தங்கம் கண்டனர். ‘அதிர்ஷ்டக்கார மூன்று சுவீடன்காரர்கள்’ என்று ஊர் அவர்களைக் கொண்டாடியது. அவர்களில் லிண்டெபெர்க் நார்வேக்காரர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் 20 ஏக்கர் வரை முளை அடித்து உரிமை கோரலாம். தனக்காக மட்டுமன்றி, அதிகாரப் பத்திரம் வைத்துக்கொண்டு ஊரில் இல்லாத உறவினர், நண்பர் பெயரிலும் முளை அடிக்கலாம். விளைவு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் சில மாதங்களில் நல்ல ஓடைகளை எல்லாம் வளைத்துவிட்டார்கள். இந்தத் தேடலில் இன்யூப்பியாட் பழங்குடி இளைஞர்கள் இருவருக்கும் பங்கிருந்தது. அவர்களுக்குரிய துண்டு நிலமும் அதன் வருமானமும் யாரைச் சேரவேண்டும் என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது.

கிளாண்டைக் தங்கவேட்டையில் ஏமாந்து 1899இல் இங்கு வந்தவர்களுக்கு முளை அடிக்க இடமில்லை. ஆத்திரம் வெளிநாட்டார்மேல் திரும்பியது. குடியுரிமை இல்லாதவர்களின் முளைகள் செல்லாது என்று ஜூலை மாதம் கூட்டம் போட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். இராணுவ அதிகாரி ஒருவர் துப்பாக்கிமுனையில் அக்கூட்டத்தைக் கலைத்தார். பெரிய கலவரத்தில் முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் கடற்கரை.

அதே ஜூலையில், ஊருக்கு முன்னால் கிடந்த மணலிலேயே தங்கம் இருப்பது தெரியவந்தது. மணலைச் சற்றுத் தோண்டினால் செந்நிறக் கார்னெட் மணல் அடுக்கு தென்படும். பொன்துகள் அதோடுதான் இருக்கும். அதை அள்ளி ஆட்டி ஆட்டிச் சலிக்கும் மரப்பெட்டியில் கொட்டி, வாளியால் கடல்நீர் ஊற்றி அரிக்க வேண்டும். பெட்டிக்குள் பாதரசம் தடவிய செப்புத்தகடு இருந்தால் மாவுபோன்ற துகளும் ஒட்டிக்கொள்ளும். மண்வெட்டியும் பெட்டியும் இரண்டு கையும் போதும். அன்று அவுன்ஸ் விலை 20.67 டாலர், ஓர் அவுன்ஸ் தேறினாலே சாதாரணக் கூலியாளின் பல நாள் சம்பளம்.

கரைக்குப் பின்னால் டன்ட்ரா எனப்படும் மரமற்ற உறைநிலத்தில் முளை அடித்திருந்த நிறுவனம் ஒன்று, தன் எல்லை கடல்வரை நீள்கிறது என்று வாதிட்டது. அதன் புகாரின்பேரில் வீரர்கள் கரையில் அரித்தவர்களைக் கூட்டமாகக் கைது செய்தார்கள். விசாரிக்க அருகில் நீதிமன்றம் இல்லை. அடைத்துவைக்கப் போதிய சிறையும் இல்லை. விட்டுவிட்டார்கள். ஓத எல்லையை ஒட்டிய பட்டை பொதுவழி, யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்பது நிலைத்தது. நின்ற இடத்திலிருந்து மண்வெட்டி எட்டும் தூரம்வரை அவனவன் இடம், நகர்ந்துவிட்டால் அடுத்தவனுக்கு. எழுதாத இந்த விதியின்கீழ் ஒரு கோடைக்குள் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தங்கம் சாதாரணர் கைக்குப் போனது. ஓடைகளில் வழக்கும் வன்மமும் பெருகிய அதே மாதங்களில் கரை அமைதியாக இருந்ததை, தங்கவேட்டை வரலாற்றில் அபூர்வமான செய்தியாகவே நான் கருதுகிறேன்.

மணலில் தங்கம் எப்படி வந்தது? பனியாறுகள் மலையிலிருந்து இழுத்துவந்த சரளையை அலை மோதிமோதி, முறத்தில் புடைப்பதுபோல் எடையில்லாததை வெளியே தள்ளி, எடையுள்ளதைக் கரையில் நிறுத்தியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ஷ்ரேடரும் ஆல்ஃபிரெட் புரூக்ஸும் 1899இலேயே இங்கு வந்து இதை ஆராய்ந்தனர். கடல்மட்டம் பலமுறை மாறியிருப்பதால், உள்நிலத்தில் டன்ட்ராவுக்கு அடியில் பழைய கடற்கரைகளும் புதைந்திருந்தன. அவற்றில் ‘மூன்றாம் கரை’ சில ஆண்டுகளில் அகப்பட்டது. அது பெரும் செல்வம். ஆனால் அது கடலோரப் பொதுப்பட்டையில் இல்லை.

1900 கோடையில் சியாட்டில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். துறைமுகம் இல்லை; தள்ளி நின்ற கப்பலிலிருந்து படகுகளில் கரைசேர வேண்டும். மணல்முழுக்கக் கூடாரம். எளிதில் எடுக்கக்கூடிய தங்கத்தை முந்தைய ஆண்டே பெருமளவு அரித்தாகிவிட்டது என்பது வந்தபிறகுதான் தெரிந்தது. யாரும் அள்ளலாம் என்ற செய்தியே ஊரை நிரப்பியது. யாரும் அள்ளலாம் என்பதாலேயே மணல் சீக்கிரம் வறண்டது.

அதே கப்பல்களில் நீதிபதி ஆர்தர் நாய்ஸும் வந்தார். கூடவே டகோட்டா அரசியல் புள்ளி அலெக்சாண்டர் மெக்கென்ஸி. சில நாட்களுக்குள் ஆன்வில் ஓடையின் வளமான துண்டுகளை நாய்ஸ் முடக்கி, மெக்கென்ஸியை ரிசீவராக நியமித்தார். வழக்கு முடியும்வரை சொத்தைக் காப்பதற்கு நியமிக்கப்பட்டவர் தங்கத்தைத் தோண்டி எடுக்கத் தொடங்கினார். முளை அடித்திருந்தவர்களின் வழக்கறிஞர்கள் சான் பிரான்சிஸ்கோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நீதிபதி மாரோ பிறப்பித்த ஆணையை நாய்ஸ் அலட்சியப்படுத்தவே, அங்கிருந்து ஆட்கள் வந்து மெக்கென்ஸியைக் கைது செய்தனர். நீதிமன்ற அவமதிப்புக்கு ஓராண்டுச் சிறை. சில மாதங்களில் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி அதிபர் மெக்கின்லியின் மன்னிப்பு. நாய்ஸுக்கு ஆயிரம் டாலர் அபராதமும் பதவி இழப்பும். ரெக்ஸ் பீச் 1906இல் எழுதிய ‘தி ஸ்பாய்லர்ஸ்’ நாவலும் அதிலிருந்து எடுத்த திரைப்படங்களும் இந்த மோசடியைப் புகழ்பெறச் செய்தன. கரையின் அமைதிக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை.

அதன்பின் நோம் நிறுவனங்களின் ஊர். உறைந்த மண்ணுக்குள் குளிர்ந்த நீரைக் குழாய்வழி செலுத்தி இளக்கும் முறை 1920களில் வந்தது. மண்ணைத் தோண்டி அரிக்கும் பெரிய மிதவை இயந்திரங்களான டிரெட்ஜர்கள் 1962 வரை ஓடின. பத்துப் பேர் வேலையை ஓர் இயந்திரம் செய்தபோது 1900ஆம் ஆண்டின் கூட்டம் எப்படித் திரும்பும்? 1980களின் இறுதியில், இந்தோனேசியாவில் வெள்ளீயம் எடுக்கப் பயன்பட்ட ‘பிமா’ என்ற பிரம்மாண்ட டிரெட்ஜர் இங்கே கடலடியைத் தோண்டிப் பார்த்தது, 1990இல் நிறுத்திவிட்டார்கள். 1934 தீவிபத்தில் பழைய கடைவீதி போய்விட்டதால், தங்கவேட்டைக் காலக் கட்டடங்களைத் தேடி வருகிறவருக்கு ஏமாற்றமே. 50 கி.மீ. கிழக்கே சாலமன் பக்கம் போனால், நியூயார்க்கின் உயர்மட்ட ரயில்பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்கள் மூன்று சதுப்பில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பாதையை முடிக்காமலே போன ஒரு ரயில் கம்பெனியின் எச்சம்.

இந்த வரலாற்றில் விலை கொடுத்தவர்கள் இன்யூப்பியாட் மக்கள். 1900இல் தட்டம்மையும் காய்ச்சலும், 1918இல் இன்ஃபுளுயன்சாவும் ஊர் ஊராக அவர்களைக் கொண்டுபோயின. 1925இல் டிஃப்தீரியா மருந்தை நாய்வண்டியில் கொண்டுவந்த கதையை உலகம் அறியும்; அதற்கு முந்தைய சாவுகளை அறியாது. கரை யாருக்கு, ஓடை யாருக்கு என்று இவ்வளவு வழக்காடிய காலத்தில், அது இன்யூப்பியாட் மக்களுடைய நிலமா என்ற கேள்வியை அரசு தீர்க்கவில்லை. பழங்குடியினரின் நில உரிமை பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே சிட்னசுவாக் என்ற பழங்குடி நிறுவனத்தின் பெயரில் நோமைச் சுற்றியுள்ள நிலத்தில் ஒரு பகுதி வந்தது.

நோமுக்குப் போகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது. பொதுமக்களுக்கென ஒதுக்கிய கடற்கரையில் இன்றும் தட்டும் மண்வெட்டியும் வைத்துத் தங்கம் அரிக்கலாம். நடப்பு விதிமுறையை ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடைப்பக்கம் போனால் மட்டும் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்: அங்கே இன்னமும் யாரோ ஒருவர் முளை அடித்திருக்கிறார்.