கை ஓரிடம், கோடு ஓரிடம்: வரைபலகையின் வரலாறு

கணினி வரைகலை பயிலும் இளைஞர் சிலர், பென் டேப்லெட் வாங்கிய முதல் வாரத்திலேயே அதனை உறையிலிட்டு வைத்துவிட்டு மீண்டும் மௌஸையே நாடுகின்றனர். கை மேசைமீது இயங்கக் கோடு திரையில் தோன்றுவது மனத்துக்கு ஒட்டவில்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். வரைபலகை என நாம் இங்கு அழைக்கும் இக்கருவியின் வரலாற்றைச் சற்றே புரட்டினால், குறையாகக் கருதப்படும் இப்பிரிவு தற்செயலாக நேர்ந்ததன்று என்பது புலனாகும்.

இதன் முன்னோடியை 19ஆம் நூற்றாண்டிலேயே காண்கிறோம். அமெரிக்கரான எலிஷா கிரே, டெலாட்டோகிராஃப் என்னும் கருவிக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். ஒருவர் பேனாவை அசைத்து எழுத, அவ்வசைவு மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகக் கம்பிவழிச் சென்று, தொலைவிலிருந்த மற்றொரு பேனாவையும் அவ்வாறே எழுதச் செய்தது. 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் இதனைக் கண்டு வியந்தனர். பின்னர் வங்கிகளும் இரயில் நிலையங்களும் இதனைப் பயன்படுத்தின. கையெழுத்து கையை விட்டுப் பிரிந்து வேறோரிடத்தில் தோன்றும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

கணினிக் காலத்தில் முதலில் புகழ்பெற்றது இதற்கு மாறான வழியாகும். எம்.ஐ.டி.யின் ஆய்வாளர் ஐவன் சதர்லாண்ட் 1963இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரைமீதே வரைய இடமளித்தது. கையும் கோடும் ஓரிடத்தில் கூடின. ஆயினும், நிமிர்ந்து நிற்கும் திரையின்முன் கையை உயர்த்தியே வைத்திருந்தால் தோள் சோரும். வரையும் கையே படத்தை மறைக்கும்.

மறு ஆண்டே வேறொரு விடை வந்தது. கலிபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிஸ், எல்லிஸ் ஆகியோர் 1964இல் ராண்ட் டேப்லெட்டை வெளியிட்டனர். ஏறத்தாழ 10 அங்குலச் சதுரப் பரப்பின் அடியில், ஓர் அங்குலத்துக்கு 100 என்ற கணக்கில் நுண்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவற்றில் பாய்ந்த மின்துடிப்புகளைப் பேனா உணர, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுள் அது எங்குள்ளது என்பதைக் கணினி அறிந்தது. பேனா மேசையில், மை திரையில் என்னும் அமைப்பை அவர்கள் தெரிந்தே மேற்கொண்டனர். தாளில் எழுதும் இயல்பான நிலை கைக்கு வாய்த்தது. மறைப்பில்லாத படம் கண்ணுக்கு வாய்த்தது.

எஞ்சிய இடர் பேனாவின் வால்போல் தொங்கிய கம்பியாகும். 1983இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் நிறுவனம், மின்காந்த ஒத்ததிர்வு முறையால் இதனைத் தீர்த்தது. பலகை அனுப்பும் அலையிலிருந்தே பேனா ஆற்றல் பெற்று, மறுமொழி தருகிறது; ஆகவே கம்பியும் வேண்டா, மின்கலமும் வேண்டா. 1998இல் வந்த இன்டுவோஸ் அழுத்தத்தை 1,024 படிகளாகப் பகுத்தது. இன்று 16,384 படிகள் வரை விளம்பரம் செய்யப்படுகின்றன. ஹூயான், எக்ஸ்பி-பென் முதலிய நிறுவனங்களும் மின்கலமற்ற பேனாக்களைக் குறைந்த விலையில் தருகின்றன.

வாங்குவோர் இவ்வெண்களில் மயங்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. பலகையின் அளவே முதலில் நோக்கத்தக்கது. சிறு பலகையில் மணிக்கட்டு மட்டும் அசையும்; பெரும் பலகையில் முழங்கையும் தோளும் சேர்ந்து இயங்கும். நிழற்படத் திருத்தத்துக்கு முன்னது போதும். நீண்ட கோடுகளை இழுத்து ஓவியம் தீட்டுவோர்க்குப் பின்னதே ஏற்றது. பலகையின் நீள அகல விகிதம் திரையினதோடு பொருந்த வேண்டும். இல்லையேல் கை வட்டம் வரையத் திரையில் நீள்வட்டம் விழும்.

பழகுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மௌஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் சுட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வரைபலகையிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் நிலையான இணைப்புள்ளி உண்டு. பேனாவை வலப்பக்க மூலையில் வைத்தால் சுட்டியும் அம்மூலைக்கே தாவும். தடுமாற்றம் பெரிதும் இவ்வேற்றுமையால் எழுவதே. பலகையைத் திரைக்கு நேராக, சாய்வின்றி வைத்து, கோப்பு திறப்பது முதலான சிறு பணிகளையும் சில வாரங்கள் பேனாவாலேயே செய்து வந்தால் கை அவ்வரைபடத்தைத் தானே கற்றுக்கொள்ளும். நாள்தோறும் சில பக்கங்கள் வட்டமும் இணைகோடும் இழுத்துப் பழகுவது இன்னும் நன்று.

திரையோடு கூடிய வரைபலகைகள் இன்று கிடைக்கின்றன. கையையும் கோட்டையும் அவை மீண்டும் ஒன்றுசேர்க்கின்றன. வாய்ப்புடையோர் வாங்கலாம். ஆனால், அவ்விலை கொடுக்க இயலாத மாணவர், எளிய பலகை தமக்கு வாய்த்த இரண்டாந்தரக் கருவி என்று எண்ணித் தளர வேண்டா. கழுத்தைக் குனியாமல் நேரே நோக்கி வரையும் வசதியை இன்றும் தருவது அதுவே. சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் முன்னோர் கூறியது இப்பலகைக்கும் பொருந்தும்.