திண்ணைப் பள்ளியிற் பகுத்தெண்ணல்

முழுவெண் ஒன்றைப் பல கூறாக்கிக் காணும் பயிற்சியை இளஞ்சிறார்க்கு அளித்தல் மேனாட்டார் வகுத்த புதுமுறை என்றே நம்மிற் பலர் எண்ணியுள்ளனர். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிற் பயிலப்பெற்ற பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை நோக்குவார்க்கு இக்கருத்து நில்லாது என்பது புலனாகும்.

முதற்கண் இலக்கணச் செய்தி ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். ஓர் அளவுப்பெயரின் பின் அதனுள் அடங்கிய சிற்றளவின் பெயர் வந்து புணருங்கால் இடையே ஏகாரச் சாரியை தோன்றும் எனத் தொல்காப்பியத் தொகைமரபு விதிக்கின்றது. நாழியே ஆழாக்கு, காலே காணி என்பன உரையாசிரியர் காட்டுகள். அரை என்னும் சொற்கு மட்டும் அச்சாரியை விலக்கப்பட்டது. இன்றும் நாம் ஒன்றே கால், ஒன்றே முக்கால் என்கின்றோம். ஒன்றே அரை என்னாது ஒன்றரை என்கின்றோம். முழுமையும் கூறும் தம்முட் கொண்ட உறவைத் தமிழ்ச் சிறுவன் பள்ளி புகுமுன்னரே தன் தாய்மொழியிற் பெற்றுவிடுகின்றான். இதனினும் நல்ல தொடக்கம் வேறு யாது?

பொன்னிலக்கம் முந்திரியில் தொடங்கும். முந்திரி என்பது 320இல் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா கால். நெல்லிலக்கமோ செவிட்டில் எழுந்து ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி எனக் கலம் வரை ஏறும். இவற்றை மணலில் விரலால் எழுதியும், சட்டாம்பிள்ளை சொல்லப் பின்சொல்லியும் பிள்ளைகள் மனத்திற் பதித்தனர்.

320 என்னும் எண்ணைத் தெரிந்தமையின் நுட்பம் கருதத்தக்கது. அது 16ஆலும் 20ஆலும் மீதமின்றி வகுபடும். ஆகவே கால், அரைக்கால், வீசம் என இரண்டிரண்டாய்ப் பிளக்கும் வரிசையும், நாலுமா, இருமா, மா என ஐந்தின்வழிச் செல்லும் வரிசையும் ஒரே சுவடியில் அமைந்தன. ஏழு கலம் நெல்லை ஐவர்க்குப் பங்கிடின் ஒருவர்க்கு ஒன்றே காலே மும்மா. ஒன்றை மூவர்க்குப் பங்கிடுதல் கடினம். மூன்று 320ஐ வகுக்காது. ஆயினும் கால், மா, அரைமா, அரைக்காணி எனக் கூட்டின் 106 முந்திரியாகும். மூவர்க்கும் அளித்தபின் அரைக்காணி எஞ்சும். எஞ்சியதை விடாது, முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்வாய் இலக்கத்தாற் பகுப்பர். முதலாம் இராசராசன் காலத்துத் (985–1014) தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரிகைக்குக் கீழும் அதன் கீழும் செல்வதைக் காண்பார், இது வெறும் ஏட்டுப் பயிற்சியன்று என்பதை உணர்வர்.

இம்முறையைப் பொருளறியா நெட்டுரு என்று பழித்தவர் பலர். அப்பழியை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. நினைவே அங்குக் கற்கும் வழியாய் அமைந்தது என்பதைச் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் நன்கு விளக்கியுள்ளார். கூறுகளின் கூட்டு நாவில் நின்றாலன்றிக் களத்தில் நெல்லளப்போன் கணக்கைச் சரிபார்த்தல் இயலாது.

எனினும், பழமையைப் போற்றும் ஆர்வத்தில் ஒன்றை மறைத்தல் முறையன்று. அத்திண்ணைகள் எல்லார்க்கும் உரியனவாய் இருந்தில. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட உழவுத் தொழிலாளரின் மக்கட்குப் பெரும்பாலும் அங்கு இடமில்லை, பெண்மக்களும் அரியர். வாரமும் கூலியும் இவ்வளவுகளாலேயே அளக்கப்பட்டன. அளந்து கொடுப்போன் மகன் முந்திரி வரை அறிந்திருக்க, அளந்து பெறுவோன் மகன் மரக்காலின் விளிம்பை நோக்கி நின்றான். எண்சுவடியின் வரலாற்றை எழுதுவோர் அதன் நுட்பத்தை மட்டும் எழுதி அமைவது குறையே ஆகும்.

ஆங்கில ஆட்சிக் காலத்தில் ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தமையால் வீசம் அணாவாகவும் அரைக்கால் இரண்டணாவாகவும் கடைத்தெருவில் வாழ்ந்தன. 1957 ஏப்பிரல் முதல் நாள் தொடங்கிய பதின்மான நாணய முறை அவ்வாழ்வை முடித்தது. காலும் அரையும் முக்காலும் எஞ்சின. காவிரிப் பாய்ச்சற் பகுதியில் நிலத்தை மாவாற் கூறும் வழக்கு உண்டு. ஈழத்திலோ காணி என்னும் சொல் தன் எண்ணுப் பொருளைத் துறந்து நிலத்திற்கே பெயராய் நிற்கின்றது.